செங்கோடன், கே.

கேட்டுக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார் அந்தப் பெரியவர். உள்ளே வந்து கழற்றலாம் என்று நான் சொன்னது அவர் காதில் விழவில்லை. வெள்ளை வேட்டி, கஞ்சி போட்ட சட்டை, கையில் உரக்கடைக் கவர். அஸ்தம்பட்டியில் எங்கள் தெரு காலை வேளையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பறக்கும் ஸ்கூட்டர்களால் நிறைந்திருக்கும். அவற்றுக்கு ஒதுங்கி நின்றபடியே கேட்டார்.

"ஏனுங்க, பேப்பர் எழுதுற டீச்சர் ஊடு இதுதானுங்களா?"

ஆமாம் என்று சொல்லி உள்ளே கூப்பிட்டேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கவரிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்து என் மேசை மேல் வைத்து, கையால் இருமுறை நீவிவிட்டார்.

ஏதோ ஓர் ஆய்வுக் கட்டுரையின் கடைசிப் பக்கம் அது. ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் மேற்கோள் நூல்களின் பட்டியல். அதில் அடுத்தடுத்து வரும் நாலு வரிகளை மட்டும் யாரோ பால்பாயிண்ட் பேனாவால் வட்டமிட்டிருந்தார்கள். நாலும் ஒரே பெயரில் தொடங்கின: செங்கோடன், கே.

அதைப் பார்த்ததும் வந்திருப்பவர் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. 

கடைசிப் பக்கத்து வேலை

கல்லூரி வேலையை விட்ட கதையைப் போன வாரம் எழுதியதும், பிறகு என்ன செய்தீர்கள் என்று சில வாசகர்கள் கேட்டிருந்தார்கள். பெரிதாக ஒன்றுமில்லை. முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு மற்றவர்களின் ஆய்வேடுகளுக்குக் கடைசிப் பக்கங்களைச் சீர்செய்து கொடுத்தேன். இன்றும் அதைத்தான் செய்கிறேன்.

ஆய்வேடு எழுதுகிறவர் யார் யாருடைய ஆய்விலிருந்து எதை எடுத்தாரோ, அதையெல்லாம் கடைசியில் பட்டியல் போட்டுக் காட்ட வேண்டும். எழுதியவர் பெயர், ஆண்டு, தலைப்பு, இதழின் பெயர், தொகுதி எண், பக்க எண். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் ஓர் இதழ் ஆண்டை அடைப்புக்குறிக்குள் கேட்கும், இன்னொன்று கடைசியில் கேட்கும். ஒருவருக்கு இதழின் பெயர் சாய்வெழுத்தில் வேண்டும், மற்றவருக்கு அதையே சுருக்கி எழுத வேண்டும். கல்யாணமாகிப் போன பெண்ணுக்கு வீட்டுக்கு வீடு வழக்கம் மாறுவது போலத்தான் இதுவும்.

இந்த வேலைக்கு என்னைப் போல ஒரு சிடுமூஞ்சி வேண்டும். கல்யாணப் பத்திரிகை வந்தால் மணமக்கள் பெயருக்கு முன்னால் கமாவைப் பார்க்கிற ஆள் நான். என் வீட்டுக்காரர் இருந்தவரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். இப்போது சிரிக்க ஆளில்லை, கமா மட்டும் இருக்கிறது.

எனக்கு இதைப் பழக்கிவிட்டவர் என் நெறியாளர். அவர் காலத்தில் கம்ப்யூட்டர் கிடையாது. ஒரு கட்டுரைக்கு ஓர் அட்டை என்று எழுதி, செருப்பு டப்பாவில் அகர வரிசையில் அடுக்கி வைப்போம். ஒரு மழை நாளில் அந்த டப்பாவை மாடிப்படியில் கொட்டிவிட்டேன். திட்டப் போகிறார் என்று நடுங்கினேன். மனிதர் படியில் உட்கார்ந்து, ஈரமான அட்டைகளை வேட்டியில் துடைத்துத் துடைத்து என்னோடு சேர்ந்து அடுக்கினார்.

அவர் இறந்தபின் அந்த அட்டைகளையெல்லாம் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அவருடைய பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்?

இல்லாத குடும்பப் பெயர்

இந்த வேலையில் என் உயிரை எடுப்பது கமா அல்ல, நம் ஊர்ப் பெயர்கள்தான்.

வெளிநாட்டு இதழ்களுக்குக் கட்டுரை அனுப்பும்போது உன் பெயர் என்ன, குடும்பப் பெயர் என்ன என்று இரண்டு கட்டங்கள் கேட்கும். நமக்கேது குடும்பப் பெயர்? அப்பா பெயரின் முதல் எழுத்தைப் போட்டு நம் பெயரை எழுதுவோம், அவ்வளவுதான். கட்டம் காலியாக இருந்தால் கட்டுரை நகராது. அதனால் எல்லோரும் அப்பா பெயரை முழுதாக அதில் அடித்துவிடுவார்கள். பட்டியலில் ஏறும்போது அந்தக் குடும்பப் பெயர்தான் முன்னால் வரும். எழுதியவரின் சொந்தப் பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கிப் பின்னால் ஒட்டிக்கொள்ளும்.

ஒருமுறை ஒரு பட்டியலில் 'ஃபில், எம்.' என்று ஒருவர் இருந்தார். யார் இந்த வெள்ளைக்காரர் என்று தேடிப் பார்த்தால், நம் ராசிபுரத்துப் பையன். பெயருக்குப் பின்னால் எம்.ஃபில் என்று பட்டத்தைப் போட்டிருக்கிறான். மென்பொருள் அதையே குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டது.

நானும் ஒரே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன், வயல் நண்டுகளைப் பற்றி. அதை எடுத்தாண்டவர்கள் எல்லோரும் 'ராமசாமி கூறுகிறார்' என்றே எழுதினார்கள். என் அப்பா ராமசாமி அம்மாபேட்டையில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தா. நண்டைக் கண்டால் நாற்காலி மேல் ஏறிவிடுவார்.

இதையெல்லாம் நான் வேடிக்கையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், கோகிலா வரும்வரை.

குச்சிக்கிழங்குக் காடு

மரவள்ளியை எங்கள் பக்கம் குச்சிக்கிழங்கு என்போம், அது விளையும் நிலத்தைக் காடு என்போம். சேலம் நாமக்கல் சீமையில் அதை நம்பித்தான் பல குடும்பங்களும் ஜவ்வரிசி ஆலைகளும் இருக்கின்றன. சில வருஷங்களுக்கு முன் அதில் ஒரு புது மாவுப்பூச்சி விழுந்தது. கொழுந்தெல்லாம் சுருண்டு, வெள்ளையடித்தது மாதிரி ஆகி, காடு காடாகப் போனது.

அந்தப் பூச்சியைத் தின்று அழிக்கும் மிகச் சிறிய குளவி ஒன்றைப் பற்றி கோகிலா ஆய்வு செய்தாள். சங்ககிரிக்குப் பக்கத்தில் விவசாயக் குடும்பம். சின்ன வயதிலேயே அம்மா போய்விட்டார். அப்பா செங்கோடன், காட்டைப் பார்த்துக்கொள்ளும் ஓர் அண்ணன். குளவிகளை விட்டுப் பார்ப்பதற்கு அப்பாதான் தன் காட்டில் ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்தார். அந்த மூலைக்கு மட்டும் யாரும் மருந்தடிக்கக் கூடாது என்று பண்ணையத்து ஆட்களைச் சத்தம்போட்டு வைத்திருந்தாராம். அப்போது வந்தவைதான் அந்த நாலு கட்டுரைகளும்.

பிறகு கோகிலா பிரபுவைக் கல்யாணம் செய்துகொண்டாள். பிரபு சங்ககிரியில் லாரிகளுக்கு வயரிங் செய்பவர். நல்ல பையன், வேறு சாதி. மகள் வீட்டைவிட்டுப் போன அன்றே அந்த மூலைக்கும் சேர்த்து மருந்தடித்துவிட்டார் செங்கோடன். குளவி ஒன்றுகூட மிஞ்சவில்லை. மகளைத் தலைமுழுகிவிட்டதாக ஊருக்குள் சொன்னார். ஒரு விதைப்புப் பருவம் முழுதும் பாழாகி, ராசிபுரத்துப் பக்கம் வேறொருவர் காட்டில் அவள் ஆய்வை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

ஆய்வேட்டை என்னிடம் கொண்டுவந்தபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று. பட்டியலில் தன்னுடைய நாலு கட்டுரைகளையும் கோகிலா என்ற பெயரில் போட வேண்டும்.

முடியாது என்றேன். அச்சில் எப்படி வந்ததோ அப்படித்தான் பட்டியலில் இருக்க வேண்டும். மாற்றினால் தேடுகிறவருக்குக் கட்டுரை கிடைக்காது, தேர்வாளர் சந்தேகப்படுவார். என்னுடைய வழக்கமான குரலில் இதைச் சொல்லிக்கொண்டே போனேன்.

அவள் வாதாடவில்லை. "அவரு என்னைய வேண்டாம்னுட்டாருங்க மேடம். நான் எங்க போனாலும் அவரு பேருதான் முன்னால போவுது" என்றாள்.

அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாய்மொழித் தேர்வுக்கு அப்பா வந்தால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்றாள். எங்கள் பக்கத்துப் பல்கலைக்கழகங்களில் இந்தத் தேர்வு ஊரறிய நடக்கும். யார் வேண்டுமானாலும் வரலாம். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு குடும்பமே வந்து முன்வரிசையில் உட்காரும். இனிப்பு, காரம், காபி எல்லாம் உண்டு. ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் அம்மாக்கள் அழுவார்கள். அந்த முன்வரிசையில் பிறந்த வீட்டிலிருந்து ஒரு தலையும் இருக்காது என்பது கோகிலாவை அரித்துக்கொண்டே இருந்தது.

ஆய்வேடு போய், தேர்வாளர்களின் அறிக்கை வந்து, தேர்வுத் தேதியும் குறித்தாயிற்று. அதற்கு முந்தின வாரம்தான் செங்கோடன் என் வீட்டு கேட்டில் வந்து நின்றார்.

நாலு சர்வே நம்பர்

"இந்தக் காயிதம் நீங்க எழுதுனதுங்களா?" என்று கேட்டார்.

இல்லை, இது வேறு யாரோ எழுதியது என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் வெளியே வந்தது. பங்காளி வீட்டு மருமகள் ஒருத்தி வேளாண்மை படிக்கிறாள். மாவுப்பூச்சியைப் பற்றி எதையோ தேடியபோது இந்தப் பக்கம் கண்ணில் பட்டிருக்கிறது. மாமா பேர் வந்திருக்கிறது என்று அச்செடுத்துக் கொடுத்துவிட்டாள். செங்கோடனுக்கு ஆங்கிலம் தெரியாது. பாஸ்புக்கில் பார்த்துப் பார்த்துத் தன் பெயரை மட்டும் அடையாளம் தெரியும். எண்களும் தெரியும்.

விரலை வைத்துக் காட்டினார். "எம் பேரு நாலு எடத்துல இருக்குதுங்க. எனக்கு நாலு சர்வே நெம்பர்ல காடு. இத பாருங்க, நாப்பத்தஞ்சுல ரெண்டு. அது கெணத்தோரம் இருக்கற காடுங்க."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் விரல் இருந்த இடத்தில் இதழின் நாற்பத்தைந்தாம் தொகுதி, இரண்டாம் இதழ் என்பதற்கான எண்கள் இருந்தன. அதைத் தன் நிலத்தின் சர்வே எண்ணாக நினைத்திருக்கிறார். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இருந்த ஆண்டு அவருக்குப் பத்திரம் பதிவான வருஷம். மகள் பேப்பர் எழுத என்னிடம் வந்து போவதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள்; பட்டியலை வழக்குப் பேப்பர் என்றும், என்னைப் பத்திரம் எழுதுபவள் என்றும் நினைத்துத்தான் வந்திருக்கிறார். மகள் நிலத்தில் பங்கு கேட்டுக் கோர்ட்டுக்குப் போய்விட்டாள் என்று எத்தனை நாள் தூங்காமல் இருந்தாரோ, கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இது வழக்கு இல்லை, நிலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று பொறுமையாகச் சொன்னேன். இது என்ன பட்டியல், எதற்காகப் போடுகிறார்கள், யார் போட்டிருக்கிறார்கள் எல்லாம் சொன்னேன். இதை எழுதியவர் ஆப்பிரிக்காவில் இருக்கிறார், அங்கேயும் குச்சிக்கிழங்கு உண்டு, அங்கேயும் இந்தப் பூச்சி உண்டு, உங்கள் மகள் கண்டுபிடித்துச் சொன்னதை அவர் எடுத்து எழுதியிருக்கிறார் என்றேன்.

கேஸ் இல்லை என்று தெரிந்ததும் கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். கிளம்பவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ பேரு எங்கீங்க?"

அவர் பெயருக்குப் பின்னால் இருந்த ஒற்றை எழுத்தைக் காட்டினேன். இதழ்காரங்க முறை அப்படி என்றேன்.

"இவ்வளவுதானுங்களா?" என்று அந்த எழுத்தின் மேல் நகத்தை வைத்துப் பார்த்தார். பிறகு, "நாந்தான் அவளத் தலைமுழுகிட்டனுங்களே டீச்சர். அப்பறம் எதுக்குங்க எம் பேரு?" என்றார்.

அந்தப் பெயரை எடுத்துவிடச் சொல்லி அவள் கேட்டதையும் நான் மறுத்ததையும் அவரிடம் சொல்லவில்லை. அச்சாகிவிட்டது, இனி யாராலும் மாற்ற முடியாது என்று மட்டும் சொன்னேன். உலகத்தில் எவர் இந்தக் குளவியைப் பற்றி எழுதினாலும் உங்கள் பெயரை எழுதித்தான் ஆக வேண்டும் என்றேன்.

"நம்ம காட்டுல வுட்ட குளவிங்களா?"

"ஆமாங்க."

"அவ போன அன்னைக்கே மருந்தடிச்சுப்போட்டனுங்க" என்றார். எனக்குத் தெரியும் என்று நான் காட்டிக்கொள்ளவில்லை. கொண்டுவந்து வைத்த காபியில் ஆடை படிந்தது. அவர் அதைத் தொடவேயில்லை.

இதுதான் சமயம் என்று தேர்வைப் பற்றிச் சொன்னேன். நாள், நேரம், எந்தக் கட்டடம் எல்லாம் தமிழில் எழுதிக் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கியவர் திரும்பி நின்றார்.

"அந்தப் பையன் வருவானுங்களா?"

கணவர் வராமல் எப்படி என்றேன்.

"அவன் இல்லீன்னா வாரனுங்க. சபையில அவங்கூட உக்கோர என்னால ஆவாதுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. முட்டி வலிக்கிறது, மாடி ஏற முடியாது என்பது போலச் சொன்னார். அதுதான் எனக்கு வெறுத்துப்போனது. கோபமாக இருந்தால் அது என்றாவது தணியும்.

டீக்கடைக்குப் பின்னால்

மறுநாள் கோகிலாவும் பிரபுவும் வந்தார்கள். அவர் வந்து போனதைச் சொன்னதும் அவள் முகம் மலர்ந்ததை இன்றும் மறக்க முடியவில்லை. நிபந்தனையைச் சொன்னதும் அந்த முகம் அப்படியே இறுகிவிட்டது. பிரபு வராமல் தான் மேடை ஏற மாட்டேன் என்றாள். அப்பா வராவிட்டால் போகட்டும் என்றாள். எனக்கு அவள் சொன்னதுதான் சரி என்று பட்டது, அதையே நானும் சொன்னேன்.

பிரபுதான் கேட்கவில்லை. அதிகம் பேசாத பையன் அன்றைக்குப் பேசினார். "நான் வெளிய நிக்கறனுங்க மேடம். ஒருக்கா வந்து இவ பேசறதக் கேட்டுட்டாருன்னா அப்பறம் எல்லாஞ் செரியாயிருமுங்க. எனக்கு என்ன, நான் தெனமும் கேக்கறவன்தான."

அவள் எவ்வளவோ சண்டை போட்டும் அவர் பிடிவாதமாக இருந்தார். நாலைந்து நாள் அந்த வீட்டில் அதே பேச்சாகத்தான் இருந்திருக்கும். கடைசியில் அவள்தான் விட்டுக்கொடுத்தாள். அப்பாவுக்குச் செய்தி சொல்லிவிடச் சொன்னாள். நான் அவளுடைய அண்ணனுக்கு போன் செய்து, மாப்பிள்ளை உள்ளே இருக்க மாட்டார் என்று சொன்னேன். சொல்லிவிடுகிறேன் என்றார் அவர்.

தேர்வன்று கோகிலா அரக்குப் பட்டு கட்டியிருந்தாள். முன்வரிசையில் நடைபாதையை ஒட்டிய நாற்காலியில் தன் கைப்பையை வைத்து இடம் பிடித்திருந்தாள். நான் அதற்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தேன். மாணவர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். வாசல் கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் நாங்கள் இருவரும் திரும்பினோம்.

தொடங்கலாமா என்று கேட்டார்கள். ஐந்து நிமிஷம் என்றாள். இன்னொரு தடவை கேட்டார்கள். தொடங்கினாள்.

நன்றாகப் பேசினாள். குளவி வந்தபின் துளிர்த்த கொழுந்துகளின் படங்களைக் காட்டினாள். முதல் படம் சங்ககிரிக் காட்டில் எடுத்தது, கிணறு தெரிந்தது. அதை மட்டும் சட்டென்று தள்ளிவிட்டு அடுத்த படத்துக்குப் போனாள். புறத்தேர்வாளர் வடக்கிலிருந்து வந்தவர், நல்ல மனிதர். அவளுடைய நாலு கட்டுரைகளையும் படித்துவிட்டு வந்திருந்தார். கேள்விகள் முடிந்ததும் எழுந்து, பட்டம் தரப் பரிந்துரைப்பதாக அறிவித்தார். பட்டியலில் பார்த்துப் பழகிய பெயராலேயே அவளை வாழ்த்தினார்.

"கங்கிராஜுலேஷன்ஸ், டாக்டர் செங்கோடன்."

கூடமே கை தட்டியது. கோகிலா கைகூப்பினாள். அவள் பார்வை கைப்பை இருந்த நாற்காலிக்கு வந்து, அங்கேயே நின்றுவிட்டது. எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. இனிப்புத் தட்டைக் கொண்டுவந்தவரை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

வாசலுக்கு எதிரே டீக்கடை. அங்கே நிற்பதாகச் சொல்லியிருந்த பிரபுவைக் காணோம். விசாரித்தால் கடைக்குப் பின்புறம் கையைக் காட்டினார் கடைக்காரர். பஸ்ஸை விட்டு இறங்கும் மாமனார் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று காலையிலிருந்து அங்கேதான் நின்றிருக்கிறார், ரோடு தெரியாத இடத்தில். புதுச் சட்டையின் முதுகு முழுதும் வியர்த்திருந்தது.

என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார். முடிந்ததா என்று கேட்டார். முடிந்தது தம்பி, பட்டம் கொடுத்துவிட்டார்கள் என்றேன். நல்லாப் பேசினாளா என்று கேட்டார். ரொம்ப நன்றாகப் பேசினாள் என்றேன். முகமெல்லாம் சிரிப்பாக, குரலைத் தாழ்த்திக்கொண்டு, மாமா இன்னும் உள்ளேதான் இருக்கிறாரா என்று கேட்டார்.

"அவர் வரலை தம்பி."

அவர் கட்டடத்தைப் பார்த்தார். கை தட்டும் சத்தம் எப்போதோ ஓய்ந்து, பிள்ளைகள் காபி டம்ளரோடு வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

"அப்ப நான் உள்ளயே வந்திருக்கலாமுங்களே, மேடம்."